கைக்குழந்தைக்குக் கொட்டமுத்தெண்ணெய் புகட்டலாமா?

தளிர்நடை (பெருந்துறை)

பெருந்துறைக்குத் தெற்கே ஒரு தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். என் மகளுக்கு இப்போது இரண்டரை மாதம்; தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறாள். நான்கு நாட்களாக அவள் வெளிக்குப் போகவில்லை. பால் குடிப்பதிலும் தூங்குவதிலும் சிரிப்பதிலும் எந்தக் குறையும் இல்லை. ஆயினும், பேறுகாலத்துக்குத் துணையாக வந்து தங்கியிருக்கும் என் அம்மிச்சிக்கு (அம்மாவின் அம்மா) மனம் பொறுக்கவில்லை. "அரைச் சங்கு கொட்டமுத்தெண்ணெய் ஊத்துனா வகுறு சுத்தமாக் கழிஞ்சிரும்" என்று நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார். ஆமணக்கு முத்தில் எடுக்கும் விளக்கெண்ணெயைத்தான் எங்கள் பக்கம் கொட்டமுத்தெண்ணெய் என்போம். குளிப்பாட்டும்போது மூக்கில் ஒரு சொட்டு, காதில் ஒரு சொட்டு, கண்ணில் ஒரு சொட்டு, உச்சியில் ஒரு கை என்று எல்லாவற்றுக்கும் அவருக்கு அதே எண்ணெய்தான்.

ஆறு பிள்ளைகளைப் பெற்று, ஆறு பேரையும் ஆளாக்கியவர் அவர். அவர் சொல்லைத் தட்டி அவருடைய மனத்தைப் புண்படுத்த எனக்கு விருப்பமில்லை. அதே சமயம், எதுவும் அறியாமல் குழந்தையின் வாயில் எண்ணெய் ஊற்றவும் எனக்குத் துணிவில்லை. பிள்ளை பெற்ற பிறகு எனக்கு முடியும் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, அதற்கும் இதையே தேய்க்கச் சொல்கிறார். இந்த எண்ணெயைப் பற்றி அனுபவமுள்ளவர்களும் மருத்துவத் துறையில் இருப்பவர்களும் விளக்கமாகச் சொன்னால் அம்மிச்சிக்குப் படித்துக் காட்டுவேன்.


செவிலித்தாய் (ஈரோடு)

தங்கச்சி, முதலில் குழந்தையைப் பற்றிய கவலையை விடுங்கள். முதல் ஒன்றரை மாதம் கடந்த பிறகு, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை நான்கைந்து நாட்களுக்கு, சில குழந்தைகள் ஒரு வாரத்துக்கும் மேலாகக்கூட, மலம் கழிக்காமல் இருப்பது இயல்பு. தாய்ப்பால் பெரும்பாலும் முழுமையாகச் செரித்துவிடுவதால் கழிவாக மிஞ்சுவது குறைவு. வயிறு மென்மையாக இருந்து, குழந்தை நன்றாகப் பால் குடித்து, சிறுநீரும் வழக்கம்போலப் போனால் அது மலச்சிக்கலே அன்று. வயிறு உப்பி இறுகினாலும், பச்சை நிறத்தில் வாந்தி வந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், மலத்தில் இரத்தம் தெரிந்தாலும் மட்டும் ஒரு மணி நேரமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அரசுப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராமங்களில் சுற்றியவள் என்ற முறையில் சொல்கிறேன்: வாயில் புகட்டுவதும் மூக்கில் விடுவதும் வேண்டவே வேண்டாம். தண்ணீர் மூச்சுக்குழலுக்குள் போனால் குழந்தை உடனே இருமும், திணறும், நமக்கும் தெரிந்துவிடும். எண்ணெய் வழுவழுப்பாக இருப்பதால் அந்த இருமலைத் தூண்டாமலேயே மெல்ல நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். இறங்கிய எண்ணெயை நுரையீரலால் எளிதில் வெளியேற்ற முடியாமல் அங்கே அழற்சி உண்டாகி, நாட்பட்ட நிமோனியாவாக மாறும். நான் பணியாற்றிய ஒரு கிராமத்தில் மூன்று மாதக் குழந்தை ஒன்றுக்குத் தினமும் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதியிருக்கிறார்கள். சளி என்று நினைத்து இரண்டு வாரம் கைமருந்து கொடுத்த பிறகே தூக்கிக்கொண்டு வந்தார்கள். குழந்தையின் விலா எலும்புகள் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்வாங்கிக்கொண்டிருந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. குழந்தை பிழைத்தது, ஆனால் பல நாட்கள் ஆக்சிஜன் வைக்க வேண்டியிருந்தது.

வயிற்றுப்போக்கு உண்டானாலும் ஆபத்துதான். ஐந்து கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் இருந்து நான்கு முறை நீர் வெளியேறினால் அதுவே பெரிய இழப்பு.


கொட்டமுத்துக்காடு (ராசிபுரம்)

எனக்கு எழுபத்திரண்டு வயது. பேத்தி தட்டச்சு செய்கிறாள், நான் சொல்கிறேன். செவிலியம்மா சொல்வதை நான் மதிக்கிறேன், ஆனால் எங்கள் தலைமுறையே இந்த எண்ணெயில் வளர்ந்ததுதான் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பள்ளிக்கூடம் இல்லாத நாளில், விடியற்காலையில் எழுப்பி, பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் பேதிக்குக் கொடுப்பார்கள். மதியம் வரைக்கும் கொல்லைக்கும் வீட்டுக்கும் நடையாக இருக்கும். பிறகு மோரும், குழைய வடித்த சோற்றில் ரசமும் கிடைக்கும். மறுநாள் நல்ல பசி எடுக்கும்.

இன்றைக்குக் கடையில் வாங்கும் எண்ணெயும் அன்றைக்கு எங்கள் வீட்டில் காய்ச்சிய எண்ணெயும் ஒன்றல்ல என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். அறுத்த குலைகளைக் களத்தில் காயவைத்துத் தட்டினால் முத்து தெறித்து விழும். அதைப் புடைத்து, வடச்சட்டியில் இளந்தீயில் வறுக்க வேண்டும். கருகிவிட்டால் எண்ணெய் கசக்கும், வறுபடாவிட்டால் எண்ணெய் விடாது. முத்தின் மேல்தோல் லேசாக வெடித்து உள்பருப்பு பொன்னிறமாவதுதான் பதம். பிறகு உரலில் போட்டு இடித்தால், முதலில் மாவாகி, அப்புறம் உலக்கையில் ஒட்டிக்கொண்டு இழுபடும் களியாக மாறும். அந்தக் களியை அதைப்போல் நான்கு பங்கு தண்ணீர் கொதிக்கும் பானையில் கரைத்து, அடிப்பிடிக்காமல் துடுப்பால் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பொழுது கொதித்த பின் நுரையோடு எண்ணெய் மேலே திரளும். கொட்டாங்குச்சிக் கரண்டியால் அதை வழித்து வேறொரு சட்டியில் ஊற்றி மறுபடியும் காய்ச்சுவோம். அதில் இருக்கும் நீர்ச்சத்து சடசடவென்று வெடித்துக்கொண்டே போகும். அந்தச் சத்தம் எப்போது முற்றிலும் அடங்குகிறதோ அப்போதுதான் இறக்குவோம். சத்தம் இருக்கும்போதே இறக்கினால் ஒரு மாதத்தில் சிக்கு வாடை வந்துவிடும். நான்கு படி முத்துக்கு ஒரு படிக்கும் சற்றுக் குறைவாகத்தான் எண்ணெய் கிடைக்கும்.

துவரம்பருப்பில் வண்டு விழாமல் இருக்க அதையே தடவி வைத்தோம், பருப்பு வேகும்போது பொங்காமல் இருக்க ஒரு சொட்டு விட்டோம், வண்டி அச்சுக்கு மையாகவும் அதையே போட்டோம். இவ்வளவுக்கும் ஆன எண்ணெய் குழந்தைக்கு மட்டும் விஷம் என்று சொன்னால் மனம் ஏற்க மறுக்கிறது.


மருந்துப்பெட்டி (கோபிசெட்டிபாளையம்)

அம்மா, உங்கள் பக்குவத்தைப் படித்தபோது பெரும் மகிழ்ச்சி உண்டாயிற்று. மருந்தாளுநராக இருபது ஆண்டுகள் கடை நடத்துகிறேன். நீங்கள் விவரித்த ஒவ்வொரு படிக்கும் பின்னால் காரணம் இருக்கிறது என்பதையும், அந்தக் காரணமே செவிலியம்மாவின் எச்சரிக்கையையும் உறுதிப்படுத்துகிறது என்பதையும் விளக்க முயல்கிறேன்.

ஆமணக்கு முத்தில் ஏறத்தாழப் பாதி எடை எண்ணெய். மீதியில் ரைசின் என்னும் கொடிய நச்சுப் புரதம் இருக்கிறது. அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது; ஆகவே பிழியும்போது எண்ணெயோடு வராமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். வெப்பம் பட்டால் அந்தப் புரதம் தன் நச்சுத்தன்மையை இழக்கும். நீங்கள் வறுத்ததும், தண்ணீரில் வேகவைத்ததும், நீர்ச்சத்து அடங்கும்வரை மறுபடி காய்ச்சியதும் அந்த நச்சை மேலும் மேலும் அகற்றும் வழிகளாகவே அமைந்தன. ஆலைகளும் பிழிந்த எண்ணெயை நீராவியால் சூடாக்கித்தான் சுத்திகரிக்கின்றன. அதனால் எண்ணெய் நஞ்சு என்று நான் சொல்ல வரவில்லை.

நஞ்சு இல்லாவிட்டாலும் அது வலிமையான மருந்து. இந்த எண்ணெயின் கொழுப்பமிலங்களில் 85 முதல் 90 விழுக்காடு வரை ரிசினோலியிக் அமிலம்தான். வேறு சமையல் எண்ணெய் எதிலும் இந்த அளவுக்கு அது கிடையாது. நாம் விழுங்கிய எண்ணெயைச் சிறுகுடலின் செரிமான நொதிகள் உடைக்கும்போது அந்த அமிலம் விடுபடுகிறது. குடலின் தசைகளில் உள்ள புரோஸ்டாகிளாண்டின் ஏற்பிகளுள் (தசையைச் சுருங்கத் தூண்டும் வேதிப்பொருள் வந்து ஒட்டும் இடங்களுள்) ஒரு வகையை அது தூண்டிவிடுவதால்தான் பேதியாகிறது என்று ஜெர்மனியில் எலிகளை வைத்து நடத்திய ஆய்வு 2012ஆம் ஆண்டு வெளியாயிற்று. அந்த ஏற்பி இல்லாதபடி வளர்க்கப்பட்ட எலிகளுக்கு எண்ணெய் கொடுத்தபோது பேதியாகவில்லை. அதே ஏற்பி கருப்பையின் தசையிலும் இருக்கிறது. "வலி எடுக்க விளக்கெண்ணெய் குடி" என்று நிறைமாதக் கர்ப்பிணிகளுக்குச் சொல்லும் வழக்கத்துக்கு இதுவே அடிப்படை. மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் கர்ப்பிணிகள் அதைக் குடிக்கவே கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

வளர்ந்தவர்களுக்கு 15 மில்லி முதல் 60 மில்லி வரை கொடுத்தால் இரண்டு முதல் ஆறு மணி நேரத்துக்குள் வேலை செய்யும். அப்படியிருக்க, அரைச் சங்கு எண்ணெய் இரண்டரை மாதக் குழந்தைக்கு எவ்வளவு பெரிய அளவு என்பதை அம்மிச்சியே எண்ணிப் பார்க்கட்டும். அடிக்கடி குடித்தால் உப்புச் சத்துகள் குறைந்து உடல் தளரும். வயிற்றுப் பூச்சிக்காகப் பேதிக்குக் கொடுத்த காலத்தில் வேறு வழியில்லை, இன்றோ 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. பேதி சில புழுக்களை வெளியே தள்ளுமே தவிர, அவற்றைக் கொல்லாது.


மஞ்சள்வயல் (மொடக்குறிச்சி)

செடியைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை மட்டும். எங்கள் பக்கம் மஞ்சள் பாத்தியின் ஓரங்களில் நிழலுக்காக ஆமணக்கு நடுவது நெடுநாள் வழக்கம்; இலை தின்னும் புழுக்கள் அதன் அகன்ற இலையில் வந்து கூடுவதால் அவற்றைப் பிடித்து அழிப்பதும் எளிது. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால் முத்து, பார்ப்பதற்கு வரிவரியாக அழகாக இருப்பதால், சிறு பிள்ளைகள் வாயில் போட்டுக் கடித்துவிடுவார்கள். முழுதாக விழுங்கினால் ஓடு காக்கலாம், மென்றால் சில முத்துகளே உயிருக்கு ஆபத்து. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் குலை காயப்போட்டிருந்தால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

புண்ணாக்கு மண்ணுக்கு அருமையான உரம், மாட்டுக்குத் தீவனமே அல்ல. வாழைக்கு அடியுரமாகப் போட்ட புண்ணாக்கைக் கிளறித் தின்று எங்கள் தோட்டத்து நாய் இரண்டே நாளில் இறந்துபோனது. அதிலிருந்து மண் மூடாமல் போடுவதில்லை.


அரப்புப்பொடி (திருப்பூர்)

முடி கொட்டுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று நான் எழுதுகிறேன், சகோதரி. பிள்ளை பெற்ற இரண்டு முதல் நான்கு மாதங்களுக்குள் முடி கொட்டுவது பல தாய்மார்களுக்கு நேர்கிறது. கருவுற்ற காலத்தில் உதிராமல் தங்கியிருந்த முடிகள் ஒருசேர உதிர்கின்றன. குழந்தைக்கு ஒரு வயதாகும்போது பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இது எனக்குத் தெரியாமல், பின்னலாடை நிறுவனத்துக்கு மறுபடி வேலைக்குப் போவதற்குள் முடியைக் காப்பாற்றிவிட வேண்டும் என்ற ஆவலில், தனி விளக்கெண்ணெயைக் கால் டம்ளர் அளவுக்குத் தலையில் ஊற்றி ஊறவைத்தேன். பிறகு இடுப்பு வரை இருந்த முடியை உச்சிக்குத் தூக்கிக் குவித்து, வெந்நீர் ஊற்றி, ஷாம்பு போட்டு, எண்ணெய் போகவில்லையே என்று கசக்கித் தேய்த்தேன்.

கையை எடுத்தபோது முடி தனித்தனியாக இல்லை. தூக்கணாங்குருவிக் கூட்டைப் போல ஒரே உருண்டையாக இறுகி, விரல் நுழையாமல், கல்லைப் போலக் கனத்துக் கிடந்தது. என் மாமியாரும் நாத்தனாரும் இரண்டு நாள் மாலையும் உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் விட்டு, ஊசியால் ஒவ்வொரு இழையாகப் பிரிக்கப் பார்த்தார்கள். நான்கு விரல் அகலம்கூடப் பிரியவில்லை. கடைசியில் பிடரிக்கு மேல் வெட்டினோம். நான் அழுததைவிட அத்தை அதிகம் அழுதார்.

தோல் மருத்துவரிடம் போனபோது, இப்படி நேர்வது அரிதென்றாலும் தெரிந்த ஒன்றுதான் என்றார். இளம்பெண் ஒருவருக்கு இதேபோல் நேர்ந்ததை நம் நாட்டு மருத்துவர்கள் 2017இல் ஆய்விதழில் எழுதியிருக்கிறார்கள். அவருக்கும் முடியை வெட்டத்தான் வேண்டியிருந்தது. தேங்காய் எண்ணெயைவிட இது பத்து மடங்குக்கு மேல் கெட்டியானது, அதனால் முடிகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. முடியை வளர்க்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மேற்பூச்சாகப் படிந்து மினுமினுப்புத் தருகிறது, அவ்வளவே.

இருந்தும் நான் அதை முற்றிலும் கைவிடவில்லை. ஒரு பங்கு விளக்கெண்ணெய்க்கு ஐந்து பங்கு தேங்காய் எண்ணெய் கலந்து, நுனிமுடிக்கு மட்டும் தடவுகிறேன். முடியைக் குவிக்காமல் தொங்கவிட்டு, சடை போகும் திசையிலேயே தேய்த்து அலசுகிறேன். சோப்பும் ஷாம்பும் திணறுகிற அந்தப் பிசுக்கை, தலைக்குத் தேய்க்கும் இலைத் தூளான நம் ஊர் அரப்பு எடுப்பதுபோல வேறெதுவும் எடுப்பதில்லை. அரப்புத் தூளைச் சாதம் வடித்த கஞ்சியில் குழைத்துப் போட்டு, பத்து நிமிடம் விட்டு அலசினால் தலை லேசாகிவிடும். அரைகுறையாக அலசிவிட்டு வெயிலில் போனால் தூசி முழுவதும் தலையில்தான் இருக்கும்.


கொட்டமுத்துக்காடு (ராசிபுரம்)

பேத்தி எல்லாவற்றையும் படித்துக் காட்டினாள். மருந்துக்கடைத் தம்பி சொன்ன கணக்கு எனக்கு உறைத்தது. எங்கள் அம்மா கைக்குழந்தைக்குக் கொடுக்கும்போது சங்கில் ஊற்றியதில்லை. விரல் நுனியில் தொட்டு நாக்கில் தடவியதோடு சரி. பின்னால் வந்த நாங்கள்தான் விரலைச் சங்காக்கிவிட்டோம். எங்கள் வீட்டிலும் ஒரு குழந்தை மூச்சு இழுத்து இறந்திருக்கிறது. மாந்தம் என்றார்கள். எதனால் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது, இன்றைக்கும் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் செவிலியம்மா எழுதியதைக் கேட்டபோது அந்த விலா எலும்பு என் கண் முன்னால் வந்துவிட்டது. வாயிலும் மூக்கிலும் ஊற்றச் சொல்லி நான் இனிச் சொல்ல மாட்டேன்.

ஆனால் மேலுக்குப் பூசுவதை யாரும் விட்டுவிட வேண்டாம். களை வெட்டி, வாய்க்காலில் நின்று, பித்தவெடிப்பில் இரத்தம் கசிந்த காலில் இரவு படுக்கும்போது கழுவித் துடைத்துவிட்டு, விளக்கெண்ணெயில் சிறிது மஞ்சள் தூளைக் குழைத்துப் பூசித் துணியைச் சுற்றிக்கொண்டால், ஒரு வாரத்தில் வெடிப்பின் ஓரம் மெத்தென்று ஆகி வலி குறையும். பனிக்காலத்தில் வெடித்த உதட்டுக்கும் ஒரு துளி போதும். குழந்தைக்கு வயிறு பொருமினால் வெற்றிலையில் எண்ணெய் தடவி, அனலில் வாட்டி, புறங்கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, வெதுவெதுப்பாகத் தொப்புளைச் சுற்றிப் போடுவோம். சூடு பார்ப்பதில் மட்டும் அவசரம் கூடாது. குழந்தையின் தோல் நம் தோல் அன்று.

கண் மையும் இந்த எண்ணெயில்தான் செய்வோம். கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்து நிழலில் உலர்த்தி, மறுபடி நனைத்து மறுபடி உலர்த்தி, அதைத் திரியாக்கி விளக்கெண்ணெயில் எரித்து, இரண்டு செங்கல்லின் மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்துவைத்தால், விடிவதற்குள் தட்டின் அடியில் பட்டுப்போலக் கரி படிந்திருக்கும். கோழி இறகால் கூட்டி எடுத்து, ஒரு சொட்டு எண்ணெயில் குழைத்தால் மை.


செவிலித்தாய் (ஈரோடு)

அம்மா, நீங்கள் மனம் திறந்து எழுதியதற்கு வணக்கம். நீங்கள் சொன்ன மையில், கடையில் விற்கும் சில சுருமாக்களில் இருப்பதைப் போன்ற காரீயம் சேர வழியில்லை. பெரியவர்கள் இமையின் வெளிப்புறத்தில் இட்டுக்கொள்ளலாம். குழந்தைக்கு மட்டும் கண்ணுக்குள் தீட்டாமல், கன்னத்திலோ உள்ளங்காலிலோ திருஷ்டிப் பொட்டாக வைத்தால் போதும். கண்வறட்சிக்கான சில சொட்டு மருந்துகளில் விளக்கெண்ணெய் இருப்பது உண்மை; அது கிருமி நீக்கிய, மிக நுண்ணிய துளிகளாக்கிய பால்மம். வீட்டுப் பாட்டில் எண்ணெயை அதற்கு இணையாக நினைத்துக் கண்ணில் விட வேண்டாம். காதுக்குள்ளும் வேண்டாம்.

மற்றபடி கை கால்களில் பூசிக் குளிப்பாட்டுவதானால், தேங்காய் எண்ணெயே போதும். இதையே பூச விரும்பினால் முன்கையில் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். சிலருக்குச் சிவந்து அரிக்கும்.


தளிர்நடை (பெருந்துறை)

நேற்று மாலை வாசல் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அம்மிச்சிக்குப் படித்துக் காட்டினேன். செவிலியக்கா எழுதியபோது பேசாமல் இருந்தார். ராசிபுரத்து அம்மா எழுதியதைப் படித்ததும், "அதைத் திரும்பப் படி" என்றார். விரலைச் சங்காக்கிவிட்டோம் என்ற வரி வந்தபோது, தன் ஆட்காட்டி விரலை ஒரு கணம் பார்த்துக்கொண்டு, "எங்கம்மாளும் வெரல்லதான் வெச்சா" என்றார்.

இன்று காலை ஆறாவது நாள். பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே குழந்தை தானாகவே தாராளமாக மலம் கழித்தாள். மஞ்சளாக, இளக்கமாக இருந்தது. முதலில் பார்த்துக் கூப்பிட்டவர் அம்மிச்சிதான். எண்ணெய்ப் பாட்டிலை, குழந்தையின் சாமான்கள் இருந்த கூடையிலிருந்து எடுத்து, குளியலறை மாடத்தில் அரப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் அவரே வைத்துவிட்டார். இரவில் அவருடைய குதிகாலுக்கு மஞ்சள் குழைத்து நான் பூசிவிடுகிறேன். என் முடிக்கு ஐந்துக்கு ஒன்று என்ற கலவையை வரும் வெள்ளிக்கிழமை முயன்று பார்க்கிறேன்.

ராசிபுரத்து அம்மாவிடம் ஒரு வேண்டுகோள். அந்தச் சடசடப்பு அடங்கும் பதத்தை அம்மிச்சியும் மறந்துவிட்டதாகச் சொல்கிறார். அடுத்த முறை நீங்கள் எண்ணெய் காய்ச்சும்போது சொன்னால், குழந்தையையும் அவரையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் வந்து பார்க்கலாமா?


கொட்டமுத்துக்காடு (ராசிபுரம்)

வா அம்மிணி. மாசியில் குலை காயும். முத்து இடிக்கும்போது கிளம்பும் தூசி தும்மலையும் கண் எரிச்சலையும் உண்டாக்கும், அதனால் குழந்தையை உள் திண்ணையில் படுக்கவைத்துவிட்டு, உன் அம்மிச்சியை மட்டும் அடுப்பங்கரைக்கு அனுப்பு.